வண்ணப்படம் உலோகத்தைக் கரைக்காது

விமான எஞ்சினின் சூடான பகுதிகளில் இன்கோனெல் போன்ற நிக்கல் கலப்புலோகங்கள்தான் தாக்குப்பிடிக்கும். பட்டறைக்கு அந்த உறுதியே தலைவலி. மில்லிங்கில் ஏற்றினால் கட்டரின் முனை சீக்கிரமே மழுங்கிவிடும். அதனால் ஜெர்மனியின் மியூனிக்கிலுள்ள எம்டியு நிறுவனம், இதழும் வட்டும் ஒரே துண்டாக அமைந்த நிக்கல் பாகங்களை மின்சாரத்தால் கரைத்தே வடிக்கிறது. நெதர்லாந்தின் டிராக்டனில் பிலிப்ஸ் ஷேவர்களின் உலோக மூடிகள் உருவாவதும் இந்த மின்வேதி முறையில்தான்.

வேலைப்பொருள் நேர்மின்வாய், டூல் எதிர்மின்வாய். நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சந்து. அதற்குள் உப்புக் கரைசல் சீறிப் பாயும். 1830களில் ஃபாரடே வகுத்த விதிப்படி, 1,000 ஆம்பியர் மின்னோட்டம் நிமிடத்துக்குச் சுமார் 2.2 கன சென்டிமீட்டர் இரும்பைக் கரைக்க வேண்டும். டூல் தேய்வதில்லை, ஸ்பார்க் எரோஷனில் வருவதுபோல் உருகி உறைந்த மேல்தோலும் படிவதில்லை.

சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. டூலின் அச்சு அப்படியே வேலைப்பொருளில் விழாது. எனவே வேண்டிய வடிவத்திலிருந்து பின்னோக்கி டூலைக் கணிக்க வேண்டும். வெட்டு, அள, டூலைத் தேய், மறுபடி வெட்டு என்று டூல்ரூம்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியது இதற்காகத்தான். சாய்ந்த பரப்பில் சந்து எவ்வளவு விரியும் என்று சொல்ல 1960களில் டிப்டன் என்ற ஆய்வாளர் ஒரு கொசைன் சூத்திரம் தந்தார். இன்று மென்பொருள்கள் முழு மின்புலத்தையும் சில நிமிடங்களில் தீர்த்து, சிவப்பும் நீலமுமாகப் படம் வரைந்துவிடுகின்றன.

அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

சந்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். கரைசல் நுழையும்போது குளிர்ச்சியாக, தெளிவாக இருக்கிறது. போகப்போக மின்னோட்டம் அதைச் சூடாக்குகிறது. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். பத்து டிகிரி ஏறினாலே, மற்றவை மாறாதபோது, 0.3 மி.மீ. சந்து 0.36 மி.மீ. ஆகிவிடும். வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன்தான். ஆனால் எஞ்சின் இதழ் கழிவாவதற்கு அது போதும். இதற்கு எதிராக வேலை செய்கிறது ஹைட்ரஜன். டூலிலிருந்து கிளம்பும் குமிழிகள் கரைசலின் பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டால், கடத்துதிறன் சுமார் 15 சதவீதம் குறையும். சூடும் குமிழியும் எந்த இடத்தில் எந்த அளவுக்கு ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன என்பது பாயும் வேகத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. கடத்துதிறனை மாறாத ஒரே எண்ணாக வைத்துக் கணக்குப் போட்டால், படத்தின் வழவழப்பில் இது எதுவுமே தெரியாது.

உப்பை மாற்றினால் கதையும் மாறும். சோடியம் குளோரைடில் அனேகமாக எல்லா மின்னோட்டமும் கரைப்பதற்கே செலவாகிறது. சோடியம் நைட்ரேட்டிலோ மின்னோட்ட அடர்த்தி குறைந்த இடங்களில் உலோகம் ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொண்டு கரைய மறுக்கும். விளிம்புகள் கூர்மையாக வருவது இதனால்தான். எந்த அடர்த்தியில் மின்னோட்டத்தில் எத்தனை சதவீதம் கரைப்பதற்குச் செலவாகிறது என்ற வளைகோட்டை அந்தந்தக் கலப்புலோகத்துக்கு அளந்துதான் பெற வேண்டும். மென்பொருள் உரிமத்துடன் அது வராது.

பொறியியல் கல்லூரிகளின் சிமுலேஷன் புராஜெக்ட்டுகள் பலவும் இடறுவது இங்கேதான். கடத்துதிறன் பாடநூல் அட்டவணையிலிருந்து, கரையும் திறன் 100 சதவீதம் என்ற அனுமானத்திலிருந்து, முடிவு பளபளக்கும் படத்திலிருந்து! வைவாவில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் குறைவு. பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பெண் படத்துக்குப் போகிறது, அளவீட்டுக்குப் போவதில்லை.

தமிழ்நாட்டுக்கு அளவீடு ஒன்றும் அந்நியமில்லை. காரைக்குடியில் அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கிவருகிறது. கல்லூரிகள் மாணவர்களை அங்கே சில வாரங்களுக்கு அனுப்பலாம்; முடியாவிட்டால், தங்கள் வேதியியல் ஆய்வகத்திலேயே ஒரு சிறு மின்வேதிக் கலத்தை அமைக்கலாம். பல்கலைக்கழகங்கள் ஒரே ஒரு விதியைப் போட்டால் போதும்: சிமுலேஷன் அறிக்கை எதுவானாலும், அதே நிபந்தனைகளில் வெட்டிய ஒரு உலோகத் துண்டின் அளவுகள் படத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்பதை மைக்ரானில் எழுத வேண்டும்.