வேடிக்கை என்னும் திரை

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பும் நம் ஆய்வுலக நண்பர்களின் பயணக் குறிப்புகளில் ஒரே பட்டியல் மீண்டும் மீண்டும் வருகிறது. கல்லூரிப் புல்தரையில் ஃபெல்லோக்கள் மட்டுமே நடக்கலாம். கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் 'கிரேட் டாம்' மணி இரவு 9.05க்கு 101 முறை ஒலிக்கும். கேம்பிரிட்ஜின் மே வாரம் ஜூனில் வரும். "என்ன விசித்திரமான மரபுகள்!" என்று வியந்து முடித்துவிடுகிறார்கள். வரலாற்றைத் துறையாகக் கொண்டவர்களும் அந்த வியப்போடு நின்றுவிடுவதுதான் என் ஆட்சேபம்.

மே வாரத்தை விட்டுவிடலாம், பாவம், அது யாரையும் துன்புறுத்தவில்லை. ஆனால் அந்த மணி, மாணவர்கள் கல்லூரிக்குள் அடங்கவேண்டிய நேரத்தை அறிவித்த மணி. புல்தரை விதி எத்தகையது என்பதை அறிய, வர்ஜீனியா வுல்ஃபின் 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலின் தொடக்கப் பக்கங்களே போதும்.

1355 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு மதுக்கடை ஒன்றில், மது சரியில்லை என்று மாணவர்கள் தொடங்கிய தகராறு பெருங்கலவரமாகி இருதரப்பிலும் பலரைப் பலிகொண்டது. மன்னர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். நகர மேயர் ஆண்டுதோறும் தேவாலயத்துக்கு வந்து தண்டக் காசு செலுத்தவேண்டும் என்ற ஏற்பாடு 1825 வரை நீடித்தது. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள்! ஊரில் விற்கும் ரொட்டி, மது ஆகியவற்றைக் கண்காணிக்கும் உரிமையும் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போயிற்று. இன்று இது வழிகாட்டிகள் சிரித்தபடி சொல்லும் கதை.

கேம்பிரிட்ஜில் நடந்ததோ சிரித்துச் சொல்லத்தக்கதே அல்ல. பல்கலைக்கழகத்தின் பிராக்டர்கள் இரவில் தெருக்களைச் சுற்றி, பாலியல் தொழில் செய்பவர்கள் என்று தாங்கள் சந்தேகித்த பெண்களைப் பிடித்து 'ஸ்பின்னிங் ஹவுஸ்' என்ற பல்கலைக்கழகச் சிறையில் அடைத்தார்கள். விசாரித்தவர் துணைவேந்தர். 1891இல் பிடிபட்ட டெய்சி ஹாப்கின்ஸ் என்ற இளம்பெண்மீது சாட்டப்பட்ட குற்றம், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவருடன் நடந்து சென்றது. உடன் நடந்தவருக்கு அது குற்றமாகவில்லை. 1894இல்தான் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்த அதிகாரம் ஒழிந்தது. மூன்றாண்டுகள் கழித்து, பெண்களுக்குப் பட்டம் வழங்கும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தபோது, மிதிவண்டியில் அமர்ந்த பெண்ணின் கொடும்பாவியை மாணவர்கள் தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். முன்மொழிவு தோற்றது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியது 1948இல்.

"எல்லாவற்றிலும் அதிகாரத்தையே தேடுகிறீர்கள், மாணவர்களே விரும்பும் மரபுகளும் உண்டே" என்று சிலர் சொல்வார்கள். உண்டு. தேர்வுக்கு அங்கி அணியும் கட்டாயம் தொடரவேண்டும் என்று 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். அது அவர்கள் கேட்கப்பட்டுச் சொன்ன பதில். டெய்சியை யாரும் கேட்கவில்லை, மேயர்களையும் கேட்கவில்லை. இந்த இரண்டையும் 'மரபு' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடுவது ஆய்வாளர் செய்யத்தக்க காரியமா?

அடுத்து கேம்பிரிட்ஜ் செல்பவர்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தெருவில் ஸ்பின்னிங் ஹவுஸ் எங்கே இருந்தது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். கிடைக்கும் பதிலையும் பயணக் குறிப்பில் எழுதுங்கள்.