கீரைக்காரம்மாளின் அட்டை



நம் வாசற்படியைத் தேடி ஒரு நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? விடியும்போதே கீரைக் கூடை வந்துவிடுகிறது. அது தெருமுனை திரும்புவதற்குள் பூக்காரம்மாள். பிறகு காய்கறித் தள்ளுவண்டி. அதில் இப்போது ஒலிபெருக்கி வேறு கட்டியிருக்கிறார்கள். தக்காளி விலையை நாம் கேட்காமலே நாலு தெருவுக்குச் சொல்லிவிடுகிறது! கோலமாவு, கோரைப் பாய், கத்திக்குச் சாணை என்று வரிசை நீளுகிறது. பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டுச் சற்றே கண்ணயரலாம் என்று தலையைச் சாய்த்தால், அழைப்பு மணி அலறுகிறது. கழுத்தில் டையும் கையில் பெட்டியுமாக ஒரு வாலிபர். "ஐந்தே நிமிஷம், மேடம்!" என்கிறார். அந்த ஐந்து நிமிஷம் ஐம்பது நிமிஷம் ஆகும் கதை உங்களுக்கே தெரியும்.

நமக்கு இவர்கள் எல்லோருமே 'வாசலில் விற்க வருகிறவர்கள்' தான். சட்டத்தின் கணக்கோ வேறு. கூடைக்காரருக்கு ஒரு சட்டம். பெட்டிக்காரருக்கு வேறொரு சட்டம். "உங்களிடம் அட்டை இருக்கிறதா?" என்று இருவரையும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்கிற குரல் ஒன்றாக இருக்கக் கூடாது. பெட்டிக்காரரிடம் கேட்பது நம்மைக் காத்துக் கொள்வதற்காக. கீரைக்காரம்மாளிடம் கேட்பது அவரைக் காப்பதற்காக. இந்த வித்தியாசத்தைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

முதலில் கீரைக்காரம்மாள். அவருக்கு உரியது 2014-ஆம் வருஷத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டம். பாராளுமன்றம் இயற்றிய இந்தச் சட்டம் அந்த வருஷம் மே மாதம் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பெயரில் 'சாலையோரம்' என்று இருப்பதால், நடைபாதையில் கடை விரித்தவர்களுக்கு மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். இடம் விட்டு இடம் நடந்து விற்கிறவர்களும் இதில் சேர்த்தி. பொருள் விற்காமல் வேலை செய்து கொடுக்கிறவர்களும் சேர்த்தி. ஆகவே தலையில் கூடை சுமப்பவரும் சரி, தோளில் சாணைச் சக்கரம் சுமப்பவரும் சரி, சட்டத்தின் கண்ணில் முறையான வியாபாரிகளே.

இதற்கு ஒரு பூர்வ கதையும் உண்டு. தில்லியில் நடைபாதை வியாபாரிகள் தொடுத்த வழக்கில், 1989-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனம் கொடுத்திருக்கும் தொழில் உரிமையில் அடங்கும். ஆனால் அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பது அதன் சாரம். சரி, கட்டுப்பாட்டை யார் விதிப்பது? எப்படி விதிப்பது? அதைத் தெளிவாக எழுதி வைக்கப் பின்னும் 25 வருஷம் ஆயிற்று!

சட்டம் சொல்லும் ஏற்பாடு இதுதான். மாநகராட்சியோ, நகராட்சியோ, பேரூராட்சியோ ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது தன் எல்லைக்குள் இருக்கும் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழும், அதனுடன் அடையாள அட்டையும் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் இருந்து விற்கிறவருக்கு ஒரு வகை. நடந்து விற்கிறவருக்கு இன்னொரு வகை. 14 வயது பூர்த்தியானவர்தான் பெறலாம். தாமே, அல்லது குடும்பத்தார் மூலம் வியாபாரம் செய்வதாகவும், வேறு ஜீவனம் இல்லை என்றும் உறுதி கூற வேண்டும். அட்டையை வாடகைக்கு விடக் கூடாது. பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. சான்றிதழ் பெற்றவர் இறந்துவிட்டாலோ, நோயில் விழுந்தாலோ, கணவனோ மனைவியோ, அண்டியிருக்கும் பிள்ளையோ அதன் காலம் முடியும் வரை வியாபாரத்தைத் தொடரலாம். சான்றிதழ் கொடுக்கும்போது பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கூடையைப் பெண்கள் சுமந்தே பழக்கப்பட்ட நாட்டில், இது நல்ல வாசகம்தானே?

"அட்டை இருந்தால் மட்டும் என்ன வந்துவிட்டது?" என்று நீங்கள் கேட்பீர்கள். என்ன வந்தது என்று பாருங்கள்.

கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கப்படும் வரை, ஏற்கெனவே வியாபாரம் செய்து வருகிறவரை விரட்டக் கூடாது. சான்றிதழின் நிபந்தனைப்படி விற்கிறவரைப் போலீஸார் உட்பட யாரும் தடுக்கக் கூடாது. இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். அறிவிப்புக் கொடுத்தும் நகராதவரின் சரக்கை எடுத்துக் கொண்டு போனால், எடுத்த பொருள்களுக்கு ஜாபிதா எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவரிடம் கொடுக்க வேண்டும். கட்டணத்தைக் கட்டி அவர் திருப்பிக் கேட்டால், அழுகும் பொருளானால் அன்றைக்கே, மற்றவையானால் இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். அரைக்கீரையும் முளைக்கீரையும் மறுநாள் வரை காத்திருக்குமா? கூடை ஒரு நாள் உள்ளே போனால், அன்றையச் சரக்கு போயிற்று, முதலும் போயிற்று. மறுநாள் சரக்கெடுக்கத் தண்டல்காரரிடம் போய் நிற்க வேண்டும். காலையில் வாங்கிய கடனை மாலையில் வட்டியோடு கட்டுகிற வாழ்க்கையில், ஒரு நாள் தவறினால் அதை ஈடு செய்ய ஒரு மாதம் ஆகும். "அன்றைக்கே கொடு" என்று சட்டத்தில் எழுதிய ஒரு வரி, ஒரு வீட்டு அடுப்பை அணையாமல் காக்கிறது. ஆனால் அப்படி ஒரு வரி இருப்பது கூடைக்காரம்மாளுக்குத் தெரிந்திருந்தால்தானே?

கடன் விஷயத்திலும் அட்டைக்கு மதிப்பு உண்டு. 2020-இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த 'ஸ்வநிதி' என்னும் திட்டத்தில் தெரு வியாபாரிகளுக்கு ஈடு இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கிறது. முதல் தடவை 10,000 ரூபாய் என்றிருந்ததை 2025-இல் 15,000 ஆக உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்த தடவை இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். வங்கியில், "நீ வியாபாரி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்பார்கள் அல்லவா? அங்கே நீட்டுவதற்குத்தான் இந்த அட்டை.

அதற்காக, அட்டை இருக்கிறவர் எதையும் செய்யலாம் என்று அர்த்தம் இல்லை. விற்பனை கூடாது என்று அறிவித்த இடத்தில் விற்கக் கூடாது. இடத்தைச் சுத்தமாக வைத்துக் கொள்ள வேண்டும். நிபந்தனை மீறினால் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வீதியில் விற்கிற உரிமை, நம் வீட்டு வாசற்படியைத் தாண்டுகிற உரிமையும் ஆகாது. எடை விஷயமும் தனி. எடைக்கற்களிலும் எழும்பு தராசிலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அரசாங்க முத்திரை வைக்க வேண்டும். மின்னணுத் தராசானால் வருஷத்துக்கு ஒரு முறை. முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. தராசுத் தட்டில் கல்லுக்குப் பதிலாகப் பழைய இரும்புத் துண்டு உட்கார்ந்திருந்தால், சிரித்துக் கொண்டே "வேண்டாம், தாயே" என்று சொல்லிவிடுங்கள்.

பண்டிகைக் காலத்தில் முளைக்கிற கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நவராத்திரி வந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளில் கொலுப் பொம்மைகள் வந்து அமர்கின்றன. அவற்றால் ஆபத்து இல்லை. நம் பணப்பை இளைப்பதைத் தவிர! ஆனால் தீபாவளிப் பட்டாசுக் கடை அப்படியல்ல. வெடிபொருள் விதிகளின்படி அதற்குத் தற்காலிக லைசென்ஸ் வேண்டும். கொட்டகை தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். ஒரு கடைக்கும் மறு கடைக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒன்றை ஒன்று பார்த்த மாதிரி எதிரெதிரே அமைக்கக் கூடாது. எண்ணெய் விளக்கோ திறந்த தீபமோ கூடாது. குழந்தையைக் கையில் பிடித்துக் கொண்டு மத்தாப்பு வாங்கப் போகும்போது, விலையைக் கேட்பதற்கு முன் இவற்றையும் பாருங்கள். நாலு ரூபாய் மலிவு என்று சந்துக்குள் இருக்கும் கடையைத் தேடிப் போக வேண்டாம்.

இனி, மத்தியான்னம் மணி அடிக்கிற பெட்டிக்காரரைக் கவனிப்போம். கம்பெனியின் நேரடி விற்பனையாளராக வருகிறவர்களுக்கு 2021-ஆம் வருஷம் டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தனி விதிகள் வந்துவிட்டன. அவர் அடையாள அட்டை இல்லாமல் உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. முன்கூட்டியே நேரம் கேட்டோ, உங்கள் சம்மதம் பெற்றோதான் வர வேண்டும். வந்ததும், நீங்கள் கேட்கும் வரை காத்திராமல், தம் பெயர், கம்பெனியின் பெயர், அதன் விலாசம், என்ன விற்க வந்திருக்கிறார் என்ற விவரங்களைத் தாமே சொல்ல வேண்டும். விலை, தவணை, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் முறை, உத்தரவாதம் எல்லாவற்றையும் ஒளிவு மறைவு இல்லாமல் விளக்க வேண்டும். "நீங்களும் சேருங்கள், மேடம், நாலு பேரைச் சேர்த்துவிட்டால் வீட்டிலிருந்தே வருமானம்" என்று பேச்சு திரும்பினால் ஜாக்கிரதை! ஆள் சேர்ப்பதையே வியாபாரமாக்கும் 'பிரமிட்' ஏற்பாட்டை அதே விதிகள் தடை செய்திருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்களின் நிம்மதிக்காகச் சட்டம் செய்வது நம் தேசத்தில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் கிரீன் ரிவர் என்று ஒரு சிறிய ரயில்வே ஊர். இரவெல்லாம் வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிற ரயில்வேக்காரர்கள் அங்கே அதிகம். கதவைத் தட்டும் வியாபாரிகளால் அவர்கள் தூக்கம் கெட்டது. கடைசியில், அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்கக் கூடாது என்று 1931-இல் ஊர் நிர்வாகமே சட்டம் போட்டுவிட்டது. மற்ற ஊர்கள் பலவும் அதைப் பார்த்துச் செய்ததால், அந்த மாதிரிச் சட்டத்துக்கே 'கிரீன் ரிவர் சட்டம்' என்று பெயர் வந்தது. பார்த்தீர்களா? மத்தியானத் தூக்கத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு! ஆகையால் "இப்போது சௌகரியப்படாது, போய் வாருங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

எந்தச் சட்டத்திலும் சேராத மூன்றாவது ரகமும் உண்டு. நகைக்கு மெருகு போடுகிறேன் என்று வருகிறவரிடம் கை வளையலைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். திராவகத்தில் கரைவது அழுக்கு மட்டும் அல்ல, தங்கமும்தான். காஸ் அடுப்பைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்பவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உங்கள் ஏஜென்ஸிக்கு டெலிபோன் செய்து கேட்ட பிறகு உள்ளே விடுங்கள். பொருள் வாங்கி ஏமாந்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போது நம் குடியிருப்புகளின் வாசலுக்கு வருவோம். அடுக்குமாடி வீடுகளில் பலகை தொங்குகிறது: "வியாபாரிகளுக்கு அனுமதி இல்லை." நடப்பது என்ன? செருப்பில்லாத காலுடன் கூடை சுமந்து வருகிற அம்மாள் காவலாளியிடம் நின்றுவிடுகிறார். டை கட்டிய வாலிபர் லிப்டில் ஏறி நாலாவது மாடிக்கு வந்துவிடுகிறார். நேரம் கேட்டுக் கொண்டு வர வேண்டியவர் கேட்காமல் வருகிறார். வருஷக் கணக்காய் நமக்குத் தெரிந்தவர் வெளியே நிற்கிறார். உடுப்பைப் பார்த்து வாசல் திறந்தால் இப்படித்தான் ஆகும்.

இதைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது. சாலையோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்தல் மூலம் வர வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு. ஆக, எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு யார் விற்கலாம் என்கிற பேச்சில், இல்லத்தரசிக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் யாரும் உட்காராமல் விட்டுவிட்டு, "தெருவெல்லாம் கடையாகிவிட்டது" என்று பலகணியில் நின்று முணுமுணுப்பதில் என்ன லாபம்?

சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை சொல்லுங்கள். வழக்கமாக வருகிற வியாபாரிகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதிக் காவலாளியிடம் கொடுக்கலாம். காலையில் இரண்டு மணி நேரம் அவர்களுக்கு வாசல் திறந்திருக்கட்டும். அட்டை உள்ளவர் அட்டையைக் காட்டட்டும். இல்லாதவரை விரட்ட வேண்டாம். நகராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுக்க அவருக்கு உதவுங்கள். ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் கூட, இடம் இருந்தால், குழு சான்றிதழ் கொடுக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுக்க, நம் வீட்டுப் பெண்ணுக்கு அரை மணி நேரம் போதும். ஒரு கட்டுக் கீரையில் இரண்டு ரூபாய் குறைத்து வாங்கினோம் என்ற திருப்தியைவிட, அந்த அரை மணி நேரம் தரும் திருப்தி நிச்சயம் பெரியது. நாளைக் காலையில் கீரை வாங்கும்போது, விலை கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: "ஏம்மா, அட்டை வாங்கிவிட்டாயா?"