நியமிப்பவரும் கட்டளையிடுபவரும் ஒருவரே

சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தையே நீதிமன்ற அவமதிப்பாகக் கொள்ள முடியாது என்று கூறி, நந்தினி சுந்தர் வழக்கில் 2012-இல் தொடரப்பட்ட அவமதிப்பு மனுவை உச்ச நீதிமன்றம் 2025 மே 15 அன்று முடித்துவைத்தது. சிறப்புக் காவல் அலுவலர்களை, அதாவது எஸ்.பி.ஓ.க்களை, மாவோயிஸ்ட் எதிர்ப்புப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது, அவர்களிடமுள்ள துப்பாக்கிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2011 ஜூலை 5-இல் அதே நீதிமன்றம் ஆணையிட்டதும், சத்தீஸ்கர் அரசு துணை ஆயுதக் காவல் படைக்கென்று அவ்வாண்டிலேயே தனிச் சட்டம் கொண்டுவந்து அவர்களைப் புதிய பெயரில் சேர்த்துக்கொள்ள வழிசெய்தது. அச்சட்டம் செல்லாது என்று கருதுவோர் அதை நேரடியாக எதிர்த்தே வழக்காட வேண்டும் என்பதால், அந்த அளவில் தீர்ப்பில் குறைகாண இடமில்லை. ஆனால் காவல் துறையின் ஆளெடுப்பைக் கவனிப்போருக்கு இவ்வழக்கு எழுப்பிய கேள்வி விடையின்றியே மூடப்பட்டுவிட்டது.

1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கலகம் மூண்டோ மூளும் என்ற அச்சம் எழுந்தோ வழக்கமான படை போதாமற்போகும்போது, ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் விண்ணப்பிக்க, மாஜிஸ்திரேட் அவ்வட்டாரத்தாரைச் சிறப்புக் காவலராக நியமிக்கலாம் என்றது. ஆள் கேட்பவர் ஒருவர், தருபவர் வேறொருவர் என்னும் இந்தப் பிரிவினையைக் காலனிய அரசு கூட விட்டுவைத்திருந்தது. சத்தீஸ்கரின் 2007-ஆம் ஆண்டுக் காவல் சட்டமோ, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் எழுத்து மூலமான ஆணையால் எவரையும் எப்போது வேண்டுமானாலும் நியமிக்கலாம் என்று ஆக்கியது. சுமார் 6,500 பேர், மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம், ஐந்தாம் வகுப்புத் தேறியோருக்கு முன்னுரிமை, இரண்டு மாதப் பயிற்சி, அதன்பின் துப்பாக்கி என்று அது போய் முடிந்தது. 173 எஸ்.பி.ஓ.க்கள் உயிரிழந்ததாக மாநில அரசே நீதிமன்றத்தில் தெரிவித்தது. அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகள் மீறப்பட்டதாக 2011-இல் நீதிமன்றம் கண்டது இதனால்தான்.

ஊர்க்காவல் படையினர் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், அவர்கள் தொண்டர்கள் என்பதால் பணி நிரந்தரம் கோர முடியாது, எனினும் முப்பது நாள் பணிப்படி காவலரின் குறைந்தபட்ச மாத ஊதியத்துக்கு ஈடாக வேண்டும் என்பதோடு நின்றது.

தேர்வு செய்பவர் யார் என்பதை எவரும் கேட்பதில்லை. களத்தில் ஆள் தேவைப்படும் அதிகாரியே ஆளைத் தெரிந்தெடுத்து, ஆணையில் ஒப்பமிட்டு, பயிற்சி போதும் என்று சான்றளித்து, வேண்டாதபோது நீக்கவும் செய்வார் என்றால், அங்கே பணியாளர் நிர்வாகம் என்று சொல்ல எதுவும் எஞ்சுவதில்லை. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம், தலைமைக் காவலதிகாரி ஒவ்வொருவரும் நிதி நிர்வாகத்துக்கென ஒரு தனிப் பொறுப்பாளரை நியமித்தாக வேண்டும் என்கிறது. இந்தியாவில் சம்பளப் பட்டியலையும் பணிப்பதிவேட்டையும் எழுதுவது அமைச்சுப் பணியாளர்களே, அதாவது காவல் அலுவலகங்களில் சீருடையின்றிப் பணிபுரிவோரே. இருந்தும் விதிக்கு மாறான நியமனத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் அவர்களில் எவருக்கும் இல்லை. காவல் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன காவல் பணியமைப்பு வாரியம் கூட, காவல் துறைத் தலைவரையும் மூத்த அதிகாரிகள் நால்வரையும் மட்டுமே கொண்டது. சீர்திருத்தம் பேசியவர்களும் சீருடைக்கு வெளியே ஓர் இருக்கை போட மறந்தார்கள். உள்துறைச் செயலகங்களுக்கும் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கும் இது தெரியாததன்று. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பினால் ஓய்வூதியம் வரை பொறுப்பேற்க வேண்டும், மதிப்பூதியத்தில் எடுத்தால் எதற்கும் பொறுப்பில்லை என்பது தெரிந்தே இந்த ஏற்பாடு தொடர்கிறது. எஸ்.பி.ஓ. மதிப்பூதியத்தில் எண்பது விழுக்காட்டைத் தந்த மத்திய அரசு, நியமனங்களும் பயிற்சியும் மாநிலத்தின் பொறுப்பு என்று கைகழுவியதை எந்தப் பணியாளர் நிர்வாகியும் மறக்கலாகாது.

சத்தீஸ்கரின் 2011-ஆம் ஆண்டுத் துணைப்படைச் சட்டம் இப்போதும் நடைமுறையில் இருக்கிறது. பயிற்சிக்காலம் ஆறு மாதம், முன்னணியில் நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனைகளும் அதில் உண்டு. அந்நிபந்தனைகள் காக்கப்படுகின்றனவா என்று பார்க்க, கண்காணிப்பாளருக்குக் கட்டுப்படாத, மூத்த நிலையிலான, சீருடை அணியாத பணியாளர் அதிகாரி ஒருவரை மாவட்டந்தோறும் நியமித்து, அவருடைய ஒப்புதலின்றி எந்தத் துணைப்படை நியமன ஆணையும் செல்லாது என்று மாநிலங்கள் விதி வகுக்க வேண்டும்.