டிவிக்குப் பின்னால் கிடக்கும் பொட்டிக்கு எதுக்குய்யா விண்டோஸ் 11?

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு ஆறே நாள் முன்னால், அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வீடுகளில் போனஸ் பணத்துக்கு லிஸ்ட் போடும் நேரமும் அதுதான். கம்ப்யூட்டர் கடைக்காரர் பஞ்சாங்கம் பார்த்திருந்தாலும் இப்படி ஒரு முகூர்த்தம் அமைந்திருக்காது :-)

அந்த லிஸ்ட்டில் "புது சிபியு" என்று ஒரு வரி எத்தனையோ வீடுகளில் ஏறியது. எதுக்கு? ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரு பழைய பொட்டி ஹெச்டிஎம்ஐ வயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஷிப்டு முடிந்து வரும் அப்பா அதில் படம் பார்க்கிறார். அம்மா யூடியூபில் பாட்டு கேட்கிறார். தம்பி கிரிக்கெட் ஹைலைட்ஸ் ஓட்டுகிறான். நேற்று வரை ஒழுங்காக ஓடிய பொட்டி, திடீரென்று திரை முழுக்க ஒரு நோட்டீஸ் காட்டி "எனக்கு வயசாயிடுச்சு" என்கிறது. உடனே சர்வீஸ் கடை, உடனே கொட்டேஷன்.

இந்தப் பதிவு சொல்ல வருவது ஒன்றுதான். நோட்டீஸ் வந்தது என்பதற்காக ஹோம் தியேட்டர் பொட்டியை மாற்றாதீர்கள். அதற்காக ஒன்றுமே செய்யாமல் அப்படியே விட்டுவைப்பதும் தப்பு. இரண்டு கட்சிக்கும் இதில் உதை உண்டு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வயசாயிடுச்சா, வயசாக்கிட்டாங்களா?

விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5. அது கேட்கும் தகுதிகளில் இரண்டுதான் பலர் தலையில் கல்லைப் போட்டவை. ஒன்று, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். இன்னொன்று, இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை ப்ராசஸரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2016 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் 4கே படம் காட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு அது போட்ட நிபந்தனை: விண்டோஸ் 10, எட்ஜ் பிரவுசர், இன்டெல் 7-ஆம் தலைமுறை ப்ராசஸர். அதாவது ஹோம் தியேட்டருக்கென்றே காசை எண்ணி வைத்து வாங்கியவர்கள் வாங்கியது 7-ஆம் தலைமுறை. ஐந்தே வருடத்தில் அந்த 7-ஆம் தலைமுறையைத்தான் விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்தியது.

மொத்தமாக நிறுத்தியதா என்றால் அதுவும் இல்லை. 7-ஆம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிப்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. அதில் ஒன்று ஐ7-7820ஹெச்க்யூ. அது மைக்ரோசாஃப்ட்டே விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-வில் இருந்த சிப்! கம்பெனி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டம். பாதுகாப்புதான் ஒரே காரணம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்கள்.

2023 டிசம்பரில் கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு மதிப்பீடு சொன்னது. விண்டோஸ் 10 நிறுத்தத்தால் உலகம் முழுக்க சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் மின்குப்பையாகலாம் என்றது. 24 கோடி! டெல் 2007-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் என்பது இந்த வட்டாரத்துக்காரர்கள் கையால் பூட்டும் பொருள். ஒரு பொட்டிக்குள் எத்தனை திருகு, எத்தனை பேர் உழைப்பு என்று தெரிந்த ஊர் இது. இந்த ஊர்க்காரரே அதைக் குப்பை என்று நம்புவதுதான் கொடுமை.

ஃபோர்டு சொல்லும் பாடம்

மறைமலை நகருக்கு "நிறுத்திட்டோம்" என்ற வார்த்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. எத்தனை குடும்பத்துக்கு அது இடி என்பது ஊருக்கே தெரியும்.

ஆனால் வண்டி வைத்திருந்தவர் என்ன செய்தார்? மறுநாளே காயலான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாரா? இல்லையே. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. தயாரிப்பு நின்றதும் வண்டி செத்ததும் ஒன்றல்ல என்று இந்த ஊரில் எல்லோருக்கும் புரிந்தது. அதே ஆள் கம்ப்யூட்டர் என்றதும் மட்டும் பயந்துபோய் பர்ஸைத் திறக்கிறார்.

"காரும் கம்ப்யூட்டரும் ஒண்ணா?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய காரின் பூட்டை ரஷ்யாவிலோ ஆப்பிரிக்காவிலோ உட்கார்ந்துகொண்டு யாரும் திறக்க முடியாது. இன்டர்நெட்டில் இணைந்த பொட்டிக்கு அந்த ஆபத்து உண்டு. காருக்கு உதிரிபாகம் எப்படியோ, பொட்டிக்குப் பாதுகாப்பு அப்டேட் அப்படி. ஆக, கேட்க வேண்டிய கேள்வி "புதுசா பழசா" என்பதல்ல. "இதுக்கு அப்டேட் எங்கிருந்தாவது வருதா?" என்பதுதான்.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

பி.காம். படிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி டெஸ்க்டாப், லேப்டாப் ஆயுள் 3 வருடம். வருமான வரிக் கணக்கில் வருடத்துக்கு 40 சதவீதத் தேய்மானம். வீட்டுப் பொட்டிக்கு யாரும் தேய்மானம் போடுவதில்லை, சும்மா ஒரு கணக்குக்குப் போட்டுப் பாருங்கள். 40,000 ரூபாய்க்கு வாங்கிய பொட்டி 10 வருடம் கழித்துப் புத்தகத்தில் சுமார் 242 ரூபாய். ஆனால் படம் அதே படம்தான், சத்தம் அதே சத்தம்தான். புத்தக மதிப்பு வேறு, பயன் மதிப்பு வேறு. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து மறந்துவிடுகிறோம்.

முடிவெடுக்கும்போது போன காசைப் பார்க்கக் கூடாது, இனிமேல் போகும் காசையும் இனிமேல் வரும் பயனையும்தான் பார்க்க வேண்டும். புது சிபியு 30,000 ரூபாய் என்று வையுங்கள். வட்டியே இல்லாத தவணை என்றாலும் மாதம் 2,500 வீதம் 12 மாதம். அந்த ஒரு வருடத்தில் கூடுதலாகக் கிடைப்பது என்ன? அதே டிவி, அதே ஸ்பீக்கர், அதே படம். ஸ்டார்ட் மெனு மட்டும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். 2024 ஏப்ரலிலிருந்து அந்த ஸ்டார்ட் மெனுவிலேயே ஆப் விளம்பரமும் வர ஆரம்பித்தது. காசு கொடுத்து விளம்பரம் பார்ப்பதற்கு கேபிள் டிவியே போதுமே!

இன்னொன்று. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதல்முறை ஏற்றும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். குறுக்கு வழிகளையும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். ஹாலில் தாத்தா சிவாஜி படம் பார்ப்பதற்கு எதற்கு ஒரு ஈமெயில் ஐடி?

ஏற்கனவே ஒருமுறை அடி வாங்கியாச்சு

ஹோம் தியேட்டர்காரர்களுக்கு அப்டேட் என்றாலே ஒரு பழைய காயம் உண்டு. 2002-ல் எக்ஸ்பி காலத்தில் மீடியா சென்டர் வந்தது. ரிமோட்டை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தபடி டிவி, பாட்டு, படம் எல்லாம் பார்க்கலாம். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தில் அது கூடவே வந்தது. விண்டோஸ் 8-ல் தனிக் காசு. விண்டோஸ் 10-ல் அதுவே கிடையாது. 2015-ல் "இலவசம்" என்று ஆசையாக விண்டோஸ் 10-க்குப் போனவர்களின் பொட்டியிலிருந்து மீடியா சென்டர் கழன்று போனது.

அந்த இலவசத்தைத் தலையில் கட்டிய விதமும் தனிக்கதை. 2016-ல் அப்டேட் பெட்டியின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினால்கூட, சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். தன் ஆபீஸ் கம்ப்யூட்டர் கேட்காமலேயே அப்டேட் ஆகிக் கெட்டுப்போனது என்று கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். நம்மூரில் அப்படிக் கெட்ட பொட்டிக்கெல்லாம் ஃபார்மேட் செலவும் நாமேதான் கொடுத்தோம் :-(

"ஒண்ணும் ஆகாது" கட்சிக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ இன்னும் விண்டோஸ் 7-லயே இருக்கலாம்ல" என்று கிளம்புகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். விண்டோஸ் 7-க்கு அப்டேட் நின்றது 2020 ஜனவரி 14. 2023 தொடக்கத்திலேயே குரோம் பிரவுசரும் அதைக் கைவிட்டது. பிரவுசர் பழசானால் ஓடிடி தளங்கள் ஒவ்வொன்றாக மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகையே உலுக்கியபோது அதிகம் அடிபட்டவை விண்டோஸ் 7 பொட்டிகள். அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். அப்டேட்டை எடுத்துக்கொள்பவனுக்குப் பழைய விண்டோஸ் பரவாயில்லை, எடுத்துக்கொள்ளாதவனுக்குப் புது விண்டோஸும் ஆபத்துதான். அதே வீட்டு வைஃபையில்தான் அப்பாவின் போன், அக்காவின் ஆபீஸ் லேப்டாப் எல்லாம் இருக்கிறது. டிவி பொட்டி வழியாகப் புகுந்தவன் டிவியோடு நிற்பான் என்று எந்த கியாரண்டியும் இல்லை.

பின்னே என்னதான் பண்றது?

1. விண்டோஸ் 10-லேயே இருக்க வேண்டுமா? ஒரு வருட நீட்டிப்பு அப்டேட் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தது. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் காசில்லாமல் வாங்கலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்காரர்களுக்கு மட்டும் பேக்கப் நிபந்தனையைத் தளர்த்தினார்கள், அங்கே நுகர்வோர் அமைப்புகள் கேள்வி கேட்டதால். எட்ஜ் பிரவுசருக்கு மட்டும் குறைந்தது 2028 அக்டோபர் வரை அப்டேட் உண்டு என்றும் சொன்னார்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே உயிர் என்பவர்களுக்கு இதுவே உத்தமம். யோசிக்கக் கிடைக்கும் அவகாசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2. சேர்த்து வைத்த படமும் பாட்டும் யூடியூபும்தான் என்றால் லினக்ஸ். கோடி என்று ஒரு இலவச மென்பொருள். 2002-ல் எக்ஸ்பாக்ஸுக்காகப் பிறந்து, 2014-ல் இந்தப் பெயர் வாங்கியது. ரிமோட்டில் இயங்கும், தமிழ் இடைமுகம் உண்டு. மீடியா சென்டர் செய்ததை எல்லாம் இது செய்யும். கோடிக்காகவே செய்த லிப்ரஎலெக் என்ற சின்ன லினக்ஸை 4 ஜிபி ராம் உள்ள பழைய பொட்டியில் போட்டாலும் பறக்கும். பிரவுசரும் வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட். குறையையும் சொல்லிவிட வேண்டும்: லினக்ஸ் பிரவுசரில் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் 4கே-யில் வராது, தரத்தைக் குறைத்தே கொடுப்பார்கள்.

3. வெறும் ஓடிடி மட்டும்தான் என்றால் டிவியில் செருகும் ஒரு ஸ்டிக் போதும், முழு சிபியுவே வேண்டாம். ஆனால் அதுவும் நிரந்தரம் அல்ல. 2010, 2011 மாடல் சாம்சங் ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது.

4. பொட்டி ஏற்கனவே விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா? இலவசம்தான், ஒரு பேக்கப் எடுத்துவிட்டுப் போய்க்கொள்ளுங்கள். தகுதி இல்லாத பொட்டியில் குறுக்கு வழியில் ஏற்றுவது மட்டும் வேண்டாம். அதற்கு அப்டேட் உறுதி கிடையாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

எதைச் செய்தாலும் ஒன்று: டிவி பொட்டியில் நெட் பேங்கிங் வேண்டவே வேண்டாம்.

"லினக்ஸெல்லாம் இன்ஜினியருக்குத்தான்" என்று சொல்பவர்கள் பீரோ மேலே பாருங்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அது சென்னை சி-டாக் செய்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் அன்றைக்கே வந்துவிட்டது. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. பேட்டரி செத்து பீரோ மேல் கிடக்கும் அந்த லேப்டாப்பைச் சார்ஜரோடு டிவியில் சொருகினால் அதுவே ஒரு ஹோம் தியேட்டர்.

ஒரு பொருள் எப்போது செத்தது என்று தீர்மானிக்கும் உரிமை அதை வாங்கியவருக்கு இருக்க வேண்டும், விற்றவருக்கு அல்ல. விற்றவர் சேவையை நிறுத்தலாம், அது அவர் இஷ்டம். ஆனால் நடு ஹாலில், படம் ஓடும் திரையில் வந்து நின்று, போனஸ் பணத்தை எங்கே செலவழிக்க வேண்டும் என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது.

அடுத்த முறை நோட்டீஸ் வந்தால் மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள். இடைவேளையில் ஒரு பேப்பரை எடுத்து, இந்தப் பொட்டி வீட்டில் என்னென்ன வேலை செய்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். மேலே சொன்ன நாலு வழியில் எது சரி என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

டிஸ்கி: மாற்றுக் கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் கும்மலாம். "லினக்ஸ் போட்டேன், சத்தம் வரலை" என்பவர்கள் சவுண்ட் செட்டிங்கில் ஹெச்டிஎம்ஐ-யைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பார்த்துவிட்டுத் திட்டவும் :-)