பிரவுசரில் பூட்டு இருக்கு... ஆனாலும் நீங்க எந்த சைட்டுக்குப் போறீங்கன்னு யாருக்குத் தெரியும்?

சிதம்பரத்தில் பஸ் ஏறி கடலூர் போகும் கல்லூரி மாணவி ஒருவர், வழியில் மொபைலில் ஒரு மருத்துவ இணையதளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்குகிறது, பக்கத்தில் பூட்டுச் சின்னம். யாரும் பார்க்க முடியாது என்று நினைப்பார். அது பாதிதான் உண்மை. (பூட்டைப் பார்த்தாலே மக்கள் தப்பாக நம்பிவிடுகிறார்கள் என்று குரோம் 2023-ல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது!)

அவர் என்ன படித்தார் என்பது நெட்வொர்க் நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனார் என்பது தெரியும். ஒட்டிய கவர் மாதிரிதான்: உள்ளே இருக்கும் கடிதம் தெரியாது, மேலே எழுதிய விலாசம் தெரியும். தளத்தின் பெயரிலேயே 'எச்ஐவி' என்று இருந்தால்? விலாசமே போதுமே.

எங்கே தொடங்கியது?

2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடென் அமெரிக்க உளவு அமைப்பின் ஆவணங்களை வெளியிட்டார். அந்த ஆண்டு மார்ச்சில் மட்டும் இந்தியாவில் இருந்து 630 கோடி தகவல்கள் எடுக்கப்பட்டதாக அதில் இருந்தது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பு 2014 மே மாதம் ஒரு முடிவை அறிவித்தது: மொத்தக் கண்காணிப்பு என்பது இணையத்தின் மீதான தாக்குதல். செய்வது அரசா, திருடனா, நோக்கம் நல்லதா என்பதெல்லாம் கணக்கில்லை.

அதன்பிறகு வேலை வேகம் பிடித்தது. 2018-ல் டிஎல்எஸ் 1.3 வந்தது. தளத்தின் பெயரை டிஎன்எஸ்ஸில் தேடுவதையும் மறைத்து அனுப்பும் முறை வந்தது. கடைசி ஓட்டை, இணைப்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயர் வெளிப்படையாகப் போவது. இந்தப் பெயரை வைத்தே ஜியோ சில தளங்களை முடக்குவதை 2019-ல் இந்திய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதை அடைக்கும் 'இசிஎச்' வசதியை குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2023-ல் கொண்டுவந்தன. ஆனால் தளமும் அதை ஏற்றால்தான் வேலை செய்யும்.

சட்டம் இருக்கே, போதாதா?

2011-ல் ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை போட்ட உத்தரவை, 2025 ஜூலை 2-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்றார் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். நல்ல தீர்ப்பு. ஆனால் அங்கே ஒரு உத்தரவு இருந்தது, அதனால் வழக்குப் போட முடிந்தது. எல்லோருடைய விலாசமும் திறந்தே போனால், பார்த்தது யார் என்று நமக்குத் தெரியவே வராது. எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

மொபைலில் என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டு 9-க்குப் பிந்தைய போன்களின் நெட்வொர்க் செட்டிங்கில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' இருக்கும். அதை ஆன் செய்தால் தளத்தின் பெயரைத் தேடுவது வழியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த டிஎன்எஸ் சேவையை நடத்தும் நிறுவனத்துக்குத் தெரியும். மாணவி கடலூரில் இறங்கியது டவருக்கும் தெரியும். அதை எந்தப் புரோட்டோகாலும் மறைக்காது.