பண்டிகையும் பலகாரமும்

உழைப்பும் ஓய்வும் போலவே நோன்பும் விருந்தும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன. ஆண்டு முழுவதும் வருந்தி உழைப்போர் சுற்றத்தோடு கூடி மகிழ்வதற்கென அமைந்தவையே பண்டிகைகள். தீபாவளியாயினும், கிறிஸ்து பிறப்புத் திருநாளாயினும், ரமலான் பெருநாளாயினும், நம் நாட்டில் அம்மகிழ்ச்சிக்கு அடையாளமாய் நிற்பது இனிப்பே. அயல் வீட்டார் எம்மதத்தினராயினும் அவர்கட்கு ஒரு தட்டுச் செல்லாமல் நம் பண்டிகை நிறைவுறுவதில்லை. இந்நல்வழக்கத்தைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. ஆயினும், அன்பின் அடையாளமாகிய அப்பண்டமே இந்நாளிற் பல குடும்பங்களில் நோயை வளர்க்கும் வாயிலாதலைக் கண்டும் காணாதிருத்தல் கற்றோர்க்கு அழகன்று.

நம் முன்னோர் இனிப்பை வெறுத்தவரல்லர்; அதன் காலத்தையும் அளவையும் அறிந்தவர். அதிரசத்திற்குப் பாகு காய்ச்சும் மணம் ஆண்டிற்கு ஓரிரு முறையே தெருவிற் பரவும். நெல்லை, குமரிப் பகுதிகளில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் திருநாள் வருமுன் பாத்திரத்தில் நிறைந்து, திருநாள் கழிந்த சின்னாளில் தீர்ந்துபோம். தீபாவளியன்று சுக்கு, மிளகு, திப்பிலி முதலியன சேர்த்துக் கிளறிய லேகியத்தை உட்கொள்ளுமாறு வகுத்தனர். விருந்தை வகுத்தபொழுதே அதன் மிகையால் வரும் கேட்டையும் எண்ணினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்காலத்து நிலைமை வேறு. பிறந்தநாளென்றும், தேர்ச்சியென்றும், புதுவண்டியென்றும் இனிப்புப் பெட்டி வீட்டிற்குள் வாராத வாரம் அரிது. இடையிடையே பிஸ்கத்து, மிட்டாய், சர்க்கரை கரைத்த குளிர்பானம். எந்நாளும் பண்டிகையாகிவிடவே, பண்டிகை நாளுக்கெனத் தனிச்சுவை இல்லாதொழிந்தது. அன்றைய மகிழ்ச்சியை மிகுவிக்கப் பண்டத்தின் அளவை மிகுவிப்பதன்றி வேறு வழி அறியோமாயினோம். பண்டிகை நம்மைக் கெடுக்கவில்லை. பண்டிகையல்லாத நாட்களை நாம் இழந்ததே கேட்டிற்குக் காரணம் என்பது எமது துணிபு.

அக்கேட்டின் அளவு சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுற்றவரென்றும், 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் வாயிலில் நிற்பவரென்றும் மதிப்பிட்டது. இனிப்பொன்றே இதற்குக் காரணமன்று; குடிவழி, உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகியனவும் சேரும். எனினும், நம் கையால் எளிதிற் குறைக்கக்கூடியது இனிப்பேயன்றோ? உணவிற் சேர்க்கும் சர்க்கரை, நாளொன்றின் உணவாற்றலிற் பத்திலொரு பங்கிற்குக் குறைய வேண்டுமென்றும், இருபதிலொரு பங்கிற்குக் குறையின் மேலும் நன்றென்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. வளர்ந்த ஒருவர்க்கு முன்னது சுமார் 50 கிராம். பின்னது 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. காப்பியிலேயே நான்கு தேக்கரண்டி கரைத்துக் குடிப்பவர்க்கு எஞ்சுவது யாதென அவரவரே கணக்கிட்டுக் கொள்க.

அளவு மட்டுமன்றி வேளையும் கருதத்தக்கது. சுவீடன் நாட்டு லுண்ட் நகரில், வீப்பெஹோல்ம் மருத்துவமனையில், 1945 முதல் 1955 வரை பற்சொத்தையைப் பற்றிச் சில சோதனைகள் நடைபெற்றன. உணவு வேளைகட்கு இடையே ஒட்டும் மிட்டாயைத் தின்றவர்க்குச் சொத்தை பெரிதும் மிகுந்தது. உணவோடு இனிப்புண்டவர்க்கு அத்துணை மிகவில்லை. அறிவுவளர்ச்சி குன்றியோரை அவர்தம் ஒப்புதலின்றி அச்சோதனைக்கு உட்படுத்தியமை பெரும்பிழை. ஆனால் அவர் பட்ட துன்பத்தால் உலகம் பெற்ற பாடத்தை மறத்தல் மற்றுமொரு பிழையாகும். அதன்பின் அந்நாட்டிற் சனிக்கிழமை மட்டும் குழந்தைகட்கு மிட்டாய் வழங்கும் வழக்கம் வேரூன்றியது. அவர்கள் மிட்டாயை ஒழிக்கவில்லை. அதற்கொரு நாள் குறித்தனர்.

இனி, நம்மிடையே வழங்கும் இரண்டு தவறான எண்ணங்களைச் சுட்டுதல் வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் சேர்த்தாற் கேடில்லை என்பது ஒன்று. அவற்றிற் சில தாதுப்பொருள்கள் சிறிதளவு உளவேனும், பெரும்பகுதி சர்க்கரையே. உடம்பு நிறத்தைக் கண்டு மயங்குவதன்று. வற்புறுத்தி ஊட்டுவதே உபசாரம் என்பது மற்றொன்று. மறுத்தால் மனம் நோகுமென்று அஞ்சி, நீரிழிவுற்ற முதியவர் வீடுதோறும் ‘ஒன்றே ஒன்று’ உண்டு, இரவில் துன்புறுகின்றார். விருந்தினரின் நலத்தை நாடாத உபசாரம் அன்பாகுமா? தட்டை நீட்டுதல் நம் கடமை. எடுத்தலும் விடுத்தலும் அவர் உரிமை.

ஆகவே குடும்பத்தார் யாவரும் கூடிச் சில வரையறைகளை வகுத்துக் கொள்வாராக. பண்டிகைக் காலையில் வெறுவயிற்றில் இனிப்பைத் தொடங்காது, இட்டலியும் பருப்பும் காய்கறியும் முன்னர் உண்க. பலகாரத்தை உணவின் முடிவில் ஒரு வேளை சிறிதளவு சுவைத்து உண்க. நாள் முழுவதும் கொறித்தல் ஆகாது. பல வகைகளைக் கடையில் வாங்கிக் குவிப்பதினும், இரண்டொரு வகையைச் சிறுவரும் பெரியவரும் கூடி வீட்டிற் செய்தல் சிறப்பு. மாவு பிசையும் பொழுதில் பாட்டி சொல்லும் கதையும் பண்டிகையின் ஒரு பகுதியன்றோ? மிஞ்சியதை மூன்றாம் நாளே பகிர்ந்தளித்துவிடுக. மாலையிற் சுற்றத்தார் இல்லங்கட்கு நடந்தே செல்க. நோயாளிக்கு ஒரு விதியும் ஏனையோர்க்கு வேறொரு விதியுமாக வைத்தல் அவரை விழாவிலிருந்து விலக்குவதாகும். அளவு எல்லார்க்கும் பொதுவாயின் எவர்க்கும் சுமையாகாது.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் நீங்கள் வீடு திரும்புங்கால், உங்கள் அன்னையர் மாதக்கணக்கான அன்பையெல்லாம் ஒரே தட்டிற் பரிமாற முற்படுவர். அதனை அலட்சியம் செய்யாதீர். அறிவுரை கூறி அவர் மனத்தைப் புண்படுத்தவும் வேண்டா. ஒன்றை எடுத்துச் சுவைத்துப் பாராட்டி, மற்றொன்றைத் தந்தைக்கும் தங்கைக்கும் பகிர்ந்து, அடுப்படியில் அவருக்கு உதவி செய்து நில்லுங்கள். பண்டம் குறையினும் பண்டிகை குறையாதென்பதை உங்கள் இல்லத்தார் நாளடைவில் உணர்வர்.