வீட்டு வண்ணப்பூச்சு வேலையில் நுகர்வோருக்கு எழுத்து ஒப்பந்தமும் தொழில்நுட்ப ஆய்வும் கோரும் மனு

அனுப்புநர்: செயற்குழு, நுகர்வோர் நலச் சங்கம்.

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர்கள், மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுக்களின் தலைவர்கள் என்ற முறையில்.

பொருள்: வீடுகளுக்கு வண்ணம் பூசும் ஒப்பந்த வேலைகளில் தரக்குறைவு – மாதிரி ஒப்பந்தப் படிவம் வெளியிடவும், மாவட்டந்தோறும் ஆய்வுக் குழு அமைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வண்ணம் பூசக் கொடுத்த வேலை மோசமாக முடிந்தால் வீட்டுக்காரருக்குச் சட்டம் துணை நிற்கிறதா என்று கேட்டால், நிற்கிறது என்பதே பதில். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பணம் பெற்றுக்கொண்டு செய்யும் சேவையில் உள்ள குறைபாட்டுக்குப் பரிகாரம் தருகிறது. வீட்டுக் கட்டுமானமும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் தீர்ப்பளித்தது. முழுத் தொகையும் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு பகுதி கொடுத்திருந்தாலும் அவர் நுகர்வோரே. தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. இத்தனை இருந்தும் சுவர் உரிந்த வீட்டுக்காரர்களில் பலர் ஆணையத்தின் படியேறுவதில்லை. அவர்களிடம் இல்லாதது உரிமை அல்ல, ஆதாரம். அந்த ஆதாரம் வேலை தொடங்கும் முன்பே உருவாக வழி செய்ய வேண்டும் என்பதே இம்மனுவின் கோரிக்கை.

பெயிண்டிங் வேலை பேசப்படும் முறையைத் தாங்கள் அறிவீர்கள். ஒப்பந்ததாரர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து, தரைப் பரப்பை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிச் சுவர்ப் பரப்பு இவ்வளவு என்கிறார். சதுர அடிக்கு இவ்வளவு, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டிங் என்று வாய்மொழியாக முடிவாகிறது. முன்பணம் கைமாறுகிறது. எந்தப் பட்டி, எந்தத் தர எமல்ஷன், எத்தனை லிட்டர், பழைய பூச்சைச் சுரண்டுவது யார் செலவு என்பவை எங்கும் எழுதப்படுவதில்லை. வேலை பெரும்பாலும் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ முன்பாக அவசரத்தில் முடிகிறது. குறை அப்போது தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வெளிச்சுவர் நனைந்த பிறகுதான் கொப்புளமும் உப்புப் பூத்தலும் உரிதலும் தலைகாட்டுகின்றன. அதற்குள் முழுத் தொகையும் கொடுத்தாகிவிட்டது. பெயிண்ட் சரியில்லை என்கிறார் ஒப்பந்ததாரர். பூசிய முறை சரியில்லை என்கிறது பெயிண்ட் நிறுவனம், அதன் உத்தரவாத அட்டையும் பெயிண்டுக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. முடிவில் இரு தரப்பும் சேர்ந்து சுவரில் ஓதம் என்கின்றன. இருவருக்கும் இடையில் பொறுப்பு கரைந்துபோகிறது. மழை நிற்கட்டும், வெயில் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனால், வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் 2 ஆண்டுக் காலமும் தேய்கிறது.

பூச்சு என்பது கண்ணுக்குப் பிடித்தது, பிடிக்காதது என்ற ரசனை சார்ந்த விஷயம், அதில் குறையை எப்படி நிரூபிப்பது என்று சிலர் கேட்கிறார்கள். இது சரியல்ல. வண்ணச் சாயல் ரசனை சார்ந்தது, பூச்சின் உறுதி அப்படியல்ல. காரை, கான்கிரீட் பரப்புகளுக்கு எப்படி வண்ணம் பூச வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 2395 என்ற நெறிமுறையை வகுத்திருக்கிறது. சுவரை அளக்கும் முறைக்கு ஐ.எஸ். 1200 இருக்கிறது. புதுக் காரை ஆறி உலர்வதற்கு முன் பூசினால் அதன் காரத்தன்மை பூச்சைக் கெடுக்கும். பழைய சுண்ணாம்புப் பொடியை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காமல் மேலே பூசினால் புதுப் பூச்சு அந்தப் பொடியைத்தான் பற்றி நிற்கும், சுவரை அல்ல. அளவுக்கு மேல் தண்ணீர் கலந்தால் படலம் மெலிந்து விரைவில் சாயம் போகும். இவை ஒவ்வொன்றும் சுவரில் தடயம் விடுகின்றன. உரிந்த சில்லைக் குறுக்காகப் பார்த்தால் பட்டியும் பிரைமரும் அடித்தார்களா என்பது தெரியும். ஈரமானியை வைத்தால் ஓதம் உண்மையா, சாக்கா என்பது தெரியும். எளிய கணக்கு ஒன்றும் போதும். இரண்டு கோட்டிங்குக்கு ஒரு லிட்டர் 60 சதுர அடிக்கு வரும் என்று உற்பத்தியாளரின் விவரத்தாள் சொல்வதாகக் கொள்வோம். 1,800 சதுர அடிச் சுவருக்கு 30 லிட்டர் வேண்டும். கடை ரசீதில் 20 லிட்டர்தான் என்றால், இரண்டாவது கோட்டிங் நடக்கவில்லை, அல்லது தண்ணீர் மிகுந்துவிட்டது. இதை நிரூபிக்க நிபுணர்கூடத் தேவையில்லை, பரப்பும் லிட்டரும் எழுத்தில் இருந்தால் போதும்.

இந்த ஒழுங்கு அரசுக்குப் புதிதல்ல. பொதுப்பணித் துறை ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு வண்ணம் பூசினால், பூசிய பரப்பை அளந்து அளவுப் புத்தகத்தில் பதியாமல் பில் பாஸ் ஆவதில்லை. வேலை இன்னது, பொருள் இன்னது, எத்தனை பூச்சு என்பது விலைப்பட்டியலிலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்ததாரரின் தொகையில் ஒரு பகுதி குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை பிடித்து வைக்கப்படுகிறது. மக்கள் பணத்துக்கு அரசு எடுத்துக்கொள்ளும் இந்தக் காப்பை, அதே மக்கள் தங்கள் சேமிப்பைச் செலவிடும்போது பெறுவதற்கு ஒரு பக்கப் படிவம் போதும். ஆகவே துறை தமிழில் ஒரு மாதிரி வேலை ஒப்பந்தத்தை வெளியிட வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. அறைவாரியாக அளந்த பரப்பு, பொருளின் பெயரும் தரமும் லிட்டரும், சுரண்டல் முதல் கடைசிக் கோட்டிங் வரை வேலையின் படிகள், ஒவ்வொரு படி முடிந்ததும் தர வேண்டிய தொகை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். லேபர் ஒப்பந்தமா, மெட்டீரியலோடு சேர்த்தா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். வெளிச்சுவர் வேலையில் நூற்றுக்குப் பத்து ரூபாயாவது ஒரு பருவமழை கடக்கும்வரை நிறுத்தி வைக்கலாம் என்ற விதியையும், குறை தெரிந்தால் ஒப்பந்ததாரர் 15 நாட்களுக்குள் தம் செலவில் சரிசெய்ய வாய்ப்புத் தரும் விதியையும் சேர்க்க வேண்டுகிறோம். மூடி திறக்காத, லேபிள் உள்ள டப்பாவை வீட்டுக்காரர் முன் திறப்பதும் இதில் ஒரு வரியாக இருக்கட்டும். வீட்டு பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி, எங்கிருந்தோ கலந்து கொண்டுவரும் பெயர் தெரியாத டப்பாவில் செல்லுபடியாவதற்கு வழியில்லை.

இந்தக் கோரிக்கைக்கு எழும் எதிர்ப்புகளில் நாங்கள் மிகவும் மதிப்பது, இது ஏழைப் பெயிண்டர்களின் வயிற்றில் அடிக்கும் என்பது. சாரத்தில் தொங்கி உயிரைப் பணயம் வைப்பவர்கள் அவர்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெறும் உரிமை உள்ளவர்கள். எங்கள் மனு அவர்களுக்கு எதிரானதல்ல. வேலையைப் பேசி, பொருளை வாங்கி, லாபத்தை எடுப்பவர் ஒப்பந்ததாரர். பூச்சு உரிந்தால் கூலியில் கை வைப்பதும் அவரே. லிட்டர் குறைந்ததற்கும் பட்டி விடுபட்டதற்கும் காரணம் பெயிண்டரின் கையா, ஒப்பந்ததாரரின் சிக்கனமா என்பது எழுத்தில் இருந்தால்தான் தொழிலாளி தப்புவார். வேலை முடிந்த பின் தொகையைக் காரணமின்றிக் குறைக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நேர்மையான மேஸ்திரியைக் காப்பதும் இதே காகிதம்தான்.

சிறிய ஒப்பந்ததாரர்களைக் காகித வேலைக்குள் இழுக்க முடியாது, பலர் ஜி.எஸ்.டி. பதிவே இல்லாதவர்கள் என்றும் சொல்லப்படுகிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருப்பவருக்குப் பொதுவாக அந்தப் பதிவு கட்டாயமில்லை என்பது உண்மையே. ஆனால் ரசீது தரும் கடமை அதனால் நீங்குவதில்லை. செய்த சேவைக்குப் பில்லோ ரசீதோ தராமலிருப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது சட்டத்தின் பிரிவு 2(47). பெயிண்ட் நிறுவனங்களே நேரடியாக நடத்தும் பூச்சுச் சேவைகளில் அளவும் விலையும் எழுத்தில் தரப்படுகின்றன. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. கூடுதல் விலை கொடுக்க முடிந்தவருக்குக் கிடைக்கும் எழுத்து, தெருக்கோடி வீட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறோம். படிவத்தைக் கொண்டுசேர்க்கப் புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை. பெயிண்ட் கடைகளில் கலர் கார்டோடு சேர்த்து வைத்தால் போதும், வீட்டுக்காரரும் மேஸ்திரியும் சேர்ந்து வந்து நிற்கும் இடம் அது. அங்கே ஒன்றைக் கூடவே கவனிக்க வேண்டும். டப்பாவுக்குள் பெயிண்டருக்கென வைக்கப்படும் டோக்கனின் மதிப்பு வாங்குபவருக்குத் தெரிவதில்லை. எந்த பெயிண்ட் பரிந்துரைக்கப்படுகிறது என்பதை அந்த டோக்கன் தீர்மானிக்கக் கூடுமாதலால், அதன் மதிப்பு வெளியில் தெரியும்படி டப்பாவில் அச்சிடப்பட வேண்டும். இதற்கும் வீட்டுப் பராமரிப்புச் சேவைகளுக்கும் வழிகாட்டு நெறிகள் வெளியிடுமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும். அத்தகைய நெறிகளை வெளியிடும் அதிகாரம் பிரிவு 18-இன்கீழ் அந்த ஆணையத்துக்கு உண்டு.

சுவரிலேயே ஓதம் இருந்தால் ஒப்பந்ததாரர் என்ன செய்வார் என்ற கேள்வியும் நியாயமானது. ஓதத்துக்கு அவர் பொறுப்பல்ல, ஓதச் சுவரில் பூச ஒப்புக்கொண்டதற்குப் பொறுப்பு. ஈரத்தைப் பூச்சுக்கு முன் சோதித்து எழுதி வைத்துவிட்டால், வீட்டுக்காரரும் பின்னால் குறை சொல்ல முடியாது. தகராறு வந்த பிறகு உண்மையைச் சொல்ல நடுநிலை ஆள் வேண்டும், இங்குதான் சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. பொருளில் குறை என்றால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் முறையைப் பிரிவு 38 விரிவாகச் சொல்கிறது. சேவைக் குறைக்கு அப்படி ஆயத்தமான ஏற்பாடு இல்லை. நிபுணரைத் தேடுவதும் செலவைத் தாங்குவதும் புகார்தாரர் தலையில் விழுகின்றன. சில ஆயிரம் ரூபாய் இழப்புக்கு அவ்வளவு செலவு செய்ய யாரும் துணிவதில்லை. எனவே ஒவ்வொரு மாவட்டத்திலும் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரும், அரசுப் பாலிடெக்னிக் கட்டடவியல் ஆசிரியர் ஒருவரும், பெயிண்டர் தொழிற்பிரிவு நடத்தும் ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஒருவரும் கொண்ட ஆய்வுக் குழுவை அமைக்க வேண்டுகிறோம். சிறு கட்டணத்துக்கு அவர்கள் சுவரைப் பார்த்து, காரணத்தையும் சரிசெய்ய ஆகும் செலவையும் இரண்டு பக்க அறிக்கையாகத் தரட்டும். அந்த அறிக்கை கையில் இருந்தால் வழக்குகளில் கணிசமானவை சமரச மையத்திலேயே முடியும் என்று நம்புகிறோம். மற்றவை, ஆய்வு தேவையில்லாத வழக்குகளை 3 மாதத்திலும் ஆய்வு தேவைப்படுபவற்றை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்ற சட்டத்தின் எண்ணத்தை நெருங்கும்.

மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழு ஆண்டுக்கு இரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இம்மனுவைச் சேர்க்குமாறும், அக்கூட்டத்துக்கு பெயிண்டர் தொழிற்சங்கங்களையும் பெயிண்ட் வியாபாரிகளையும் அழைக்குமாறும் ஆட்சித் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மாதிரிப் படிவத்தின் வரைவைத் தயாரித்துத் தர எங்கள் சங்கம் ஆயத்தமாக இருக்கிறது. தீபாவளிக்கான பூச்சு வேலைகள் ஆவணி, புரட்டாசியிலேயே தொடங்கிவிடுவதால், படிவம் ஆடி முடிவதற்குள் பெயிண்ட் கடைகளுக்குச் சென்று சேர உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர், பொருளாளர்.